உதயதாரகையும் உள்ளங்கைச் செய்தியும்



"பத்திரிகை வாசித்த காலம் நல்ல காலம். இந்த வட்ஸ்அப் வந்துதான் எல்லாம் கெட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பத்திரிகையும் ஒரு காலத்தில் புதிதாக வந்து சண்டையைக் கிளப்பியதுதான். அது எங்கள் சபைகளின் சொந்தக் கதை.

1820இல் அமெரிக்க மிஷன், ஜேம்ஸ் கறெற் என்ற அச்சுத் தொழிலாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அப்போது இலங்கையை நிர்வகித்த சேர் எட்வேட் பாண்ஸ் அவரை நாட்டில் தங்கவே விடவில்லை. 1830களில் தடை நீங்கிய பிறகுதான் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' பிறந்தது. தமிழும் ஆங்கிலமுமாக மாதம் இருமுறை வந்தது. ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள். இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தமிழர். கல்வி, விஞ்ஞானம், பயிர்ச்செய்கை, சமயம், நாட்டுப் புதினம் எல்லாம் அதில் இருந்தன.

சண்டையும் இருந்தது. சைவ சமயத்தைக் கண்டித்து எழுதினார்கள். சைவர்களின் மறுப்புக் கடிதங்களும் அதே தாளில் வெளிவந்தன. வேதாகம மொழிபெயர்ப்பில் பேர்சிவல் ஐயருக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். 1876இல் கத்தோலிக்கரும் 1889இல் 'இந்து சாதனம்' மூலம் சைவரும் தமக்கென்று பத்திரிகை கண்டனர். ஆகவே பழைய ஊடகம் சாந்தமானது, புதியது பொல்லாதது என்று பிரிக்க முடியாது.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. உதயதாரகையில் பெயர் போடாத கடிதங்களும் வந்தன. ஆனால் ஆசிரியர் யார், அச்சுக்கூடம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். பிழை என்றால் அங்கே போய்க் கேட்கலாம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்துத் திருத்தி அச்சிட்டார். நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட எழுத்துக்கு ஒருவர் பொறுப்பாக நின்றார்.

உங்கள் பெற்றோர் வேறொரு பழக்கத்தையும் கற்றார்கள். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைப்பதும் அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். இலங்கை வானொலி சொன்னதை பிபிசி தமிழோசையோடும் வெரித்தாஸோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பினார்கள்.

அதே தலைமுறையின் கையில் இன்று வட்ஸ்அப் இருக்கிறது. கொவிட் காலத்தில் அது எங்களுக்குச் செய்த நன்மை பெரிது. கோவில் கதவு பூட்டியிருந்தபோது வீட்டிலிருந்தே ஆராதனையில் கலந்துகொண்டோம். ஊரிலிருக்கும் அப்பம்மாவின் முகத்தைப் பார்த்தோம். ஆனால் ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, வெந்நீர் குடித்தால் கிருமி சாகும் என்ற செய்திகளும் அதே வழியாகத்தான் வந்தன. அவற்றுக்கு ஆசிரியரும் இல்லை, முகவரியும் இல்லை. அனுப்பியவர் எங்கள் மாமி என்பதால் நம்பினோம். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் நிறுவனமே கட்டுப்பாடு கொண்டுவந்தது.

தாதியாக வேலை செய்கிற எனக்கு இது ஏட்டுக் கதையல்ல. பொய்ச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தும் முதியவருக்கு இரத்த அழுத்தம் ஏறினால் பக்கவாதம் வரலாம். வீட்டில் முதலில் அதைக் கவனிக்கக் கூடியவர்கள் நீங்கள். "அம்மம்மா, இதெல்லாம் பொய்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் இருந்து, "இதை ஆர் எழுதினது? வேறை எங்கை சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். ஒன்ராறியோவில் 811க்கு அழைத்தால் எந்த நேரமும் ஒரு தாதியோடு பேசலாம்.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதைக்கூட வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக வேதாகமம் அவர்களைப் பாராட்டுகிறது. மாமி அனுப்பியதை ஒத்துப்பார்த்தால் மாமியும் கோபிக்கமாட்டா.