கணக்காசிரியர்கள் எழுப்பிய சங்கம்

இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965ஆம் ஆண்டு தோன்றியது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும், கல்லூரிப் பேராசிரியர்களும், கணக்கில் ஆசை கொண்ட மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற தேவையே அதன் பிறப்புக்குக் காரணம். அலுவலகம் சென்னை திருவல்லிக்கேணியில் அமைந்தது. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் குடியிருந்த பேட்டை அது. அவர் மனைவி ஜானகி அம்மாள் 1994இல் மறையும்வரை வாழ்ந்ததும் அங்கேதான். தற்செயலாக அமைந்ததோ என்னவோ, கணக்காசிரியர்களின் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி தமிழ்நாட்டில் கிடைத்திருக்காது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கோத்தாரி கல்வி ஆணையம் 1964இல் அமைக்கப்பட்டு 1966இல் அறிக்கை தந்தது. உலகம் முழுவதும் பள்ளிக் கணிதத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். கணங்கள், சார்புகள் என்று, தாங்கள் மாணவராக இருந்தபோது காதில் விழாத பாடங்களை ஆசிரியர்கள் நடத்த வேண்டிய நிலை வந்துகொண்டிருந்தது. மேலிருந்து சுற்றறிக்கை வரும், பாடநூல் வரும், தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்க ஓர் ஆள் மட்டும் கிடைக்கமாட்டார். சக ஆசிரியரிடம் கேட்கலாம், தவறாகச் சொன்னாலும் மதிப்புக் குறையாது என்ற நம்பிக்கையைத் தரும் அமைப்பு அப்போது அவசரத் தேவையாக இருந்தது.

சங்கத்தின் வரலாற்றைப் பேசும்போது பி.கே. ஸ்ரீனிவாசன் பெயரை விட்டுவிட்டு ஒரு வரிகூட எழுத முடியாது. 1924இல் பிறந்து 2005இல் மறைந்த அவர், சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்காசிரியர். ஃபுல்பிரைட் திட்டத்தில் அமெரிக்கா சென்று வந்தார். நைஜீரியாவிலும் கணிதக் கல்விப் பணி செய்தார். இத்தனைக்கும் பிறகு தம்மைப் பள்ளி வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். சங்கம் உருவானதற்கு அவருடைய விடாமுயற்சி பெரும் காரணம்.

அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1968இல் வெளிவந்த இரண்டு நினைவுத் தொகுதிகள். ராமானுஜன் எழுதிய கடிதங்கள், அவரை நேரில் அறிந்தவர்களின் நினைவுகள், அவரால் உந்தப்பட்டவர்களின் கட்டுரைகள் எல்லாம் அவற்றில் திரட்டப்பட்டன. ராமானுஜன் மறைந்தது 1920இல். அவரோடு படித்தவர்களும் பழகியவர்களும் முதுமையடைந்து ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் சொல்லை அப்போது பதிவு செய்திராவிட்டால் பின்னால் யாராலும் மீட்டிருக்க முடியாது. இன்று ராமானுஜன் வாழ்க்கையை எழுத அமர்பவர் எந்த நாட்டவரானாலும் இந்தத் தொகுதிகளைத் தேடித்தான் ஆகவேண்டும். அவற்றைப் பதிப்பித்தது யார் என்று பாருங்கள்: முத்தியால்பேட்டைப் பள்ளியின் பழைய மாணவர் குழு, அதிலிருந்த 'நம்பர் ஃபிரண்ட்ஸ் சொசைட்டி'. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடம் செய்து முடித்தது. பள்ளி ஆசிரியருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த இரண்டு புத்தகங்களைக் காட்டினால் போதும்.

1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கியபோது அதன் முதல் காப்பாளராகவும் இயக்குநராகவும் ஸ்ரீனிவாசனே பொறுப்பேற்றார். இடையில் அவர் எழுதிய சிறு நூல்கள் பல. காலண்டரை வைத்தே ஒரு புத்தகம் செய்திருக்கிறார். காலண்டர் ஏன் என்று யோசித்தால் அவருடைய கல்விப் பார்வை முழுவதும் விளங்கும். தமிழ்நாட்டில் எந்த ஏழை வீட்டிலும், மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று சுவரில் தொங்கும். அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். நடுவில் உள்ள தேதியை ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது தேதிகளின் கூட்டுத்தொகை வந்துவிடும். எந்த மாதமானாலும், எந்தக் கட்டமானாலும் இது மாறாது. முதலில் பிள்ளைகள் இதை மந்திரம்போலப் பார்ப்பார்கள். பிறகு ஒருத்தி கண்டுபிடிப்பாள்: நடுத் தேதிக்கு எதிரெதிராக இருக்கும் இரண்டு தேதிகளில் ஒன்று எவ்வளவு குறைவோ மற்றது அவ்வளவு கூடுதல். மந்திரம் போய் அந்த இடத்தில் கணிதம் வந்து உட்காரும் கணம் அது. அடுத்து இரண்டுக்கு இரண்டாக நான்கு தேதிகளை எடுத்து மூலைக்கு மூலை பெருக்கிக் கழிக்கச் சொன்னால் எப்போதும் 7 வரும். ஏன் என்று கேட்டால், வகுப்பு இயற்கணிதத்துக்குள் தானாகவே நுழைந்துவிடும். செலவு ஒரு பைசா இல்லை.

சங்கம் இரண்டு இதழ்களை வளர்த்தது. 'தி மேதமேடிக்ஸ் டீச்சர்' ஆசிரியர்களுக்கு. 'ஜூனியர் மேதமேடிஷியன்' மாணவர்களுக்கு. ஆண்டு மாநாடுகளில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறையில் கண்டதைக் கட்டுரையாக வாசிப்பார்கள், மாணவர்களும் மேடையேறுவார்கள். ஆனால் வெளியுலகம் சங்கத்தை அறிந்தது தேசியக் கணிதத் திறன் போட்டியால்தான்.

அந்தப் போட்டி ஐந்தாம் வகுப்பிலிருந்து இளநிலைப் பட்டம்வரை ஐந்து நிலைகளில் நடக்கிறது. 5, 6ஆம் வகுப்புகளுக்கு காஸ் பெயரில். 7, 8க்கு கப்ரேக்கர் பெயரில். 9, 10க்கு பாஸ்கரர் பெயரில். 11, 12க்கு ராமானுஜன் பெயரில். பட்ட வகுப்பினருக்கு ஆரியபட்டர் பெயரில். முதற்கட்டத்தில் விடையளவில் வடிகட்டல். இறுதிக்கட்டத்தில் வழிமுறையை எழுதிக் காட்ட வேண்டும்.

இந்த ஐந்து பெயர்களில் கப்ரேக்கர் பெயரில் என் கண் எப்போதும் நின்றுவிடும். காஸும் ராமானுஜனும் உலகம் கொண்டாடும் மேதைகள். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கரோ மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பெரிய பட்டம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. எண்களோடு விளையாடிக்கொண்டே இருந்தார். 6174 என்ற எண்ணின் விசித்திரத்தை அவர் 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் எடுத்துச் சொன்னார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழியுங்கள். விடையோடு அதையே திரும்பச் செய்யுங்கள். அதிகம் போனால் ஏழு முறை. 6174இல் வந்து நின்றுவிடும். சங்கம் பிறந்த 1965ஐயே எடுத்துப் பாருங்கள்: 9651இலிருந்து 1569 போக 8082, 8820இலிருந்து 0288 போக 8532, 8532இலிருந்து 2358 போக 6174. மூன்றே அடி. ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதும் போட்டிக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் பெயரைச் சூட்டியதில், அந்தப் பிள்ளைக்கு மட்டுமன்றி, அதை அழைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்கு வரும் ஆசிரியருக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

போட்டி என்றாலே பரிசு, கோப்பை, செய்தித்தாள் படம் என்று நினைக்கிறோம். பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பிய அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: ஒரு நல்ல போட்டி முதலில் ஆசிரியரைத்தான் மாற்றுகிறது. ஓர் எடுத்துக்காட்டு. ஒரு செவ்வகத்தின் பக்கங்கள் முழு எண்கள். அதன் பரப்பளவும் சுற்றளவும் எண்ணளவில் சமம். அப்படிப்பட்ட செவ்வகங்கள் எத்தனை? எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு வெளியே இதில் எதுவுமில்லை. பிள்ளைகள் போட்டுப் பார்த்து 4க்கு 4 என்று சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்தால் 3க்கு 6 வரும். பிறகு அமைதி. "இவ்வளவுதானா சார்?" என்று ஒரு குரல் கேட்கும். அங்கேதான் ஆசிரியர் சோதிக்கப்படுகிறார். கைடு உதவாது, சூத்திரம் உதவாது. சிறிய பக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால், பரப்பு பெரிய பக்கத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்கும். சுற்றளவோ பெரிய பக்கத்தைப்போல் நான்கு மடங்கைத் தாண்டாது. ஆகவே சமமாக வழியில்லை. சிறிய பக்கம் 1 அல்லது 2 என்றால் சுற்றளவுதான் எப்போதும் பெரிது. மிஞ்சுவது 3, 4 மட்டும். இரண்டே செவ்வகங்கள். 'கிடைத்தது' என்பதற்கும் 'வேறு கிடையாது' என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த வகுப்பு கடந்துவிட்டது. நிரூபணம் என்ற சொல்லைப் பத்து முறை விளக்கினாலும் வராத தெளிவு இது. இத்தகைய கணக்குகளை ஆண்டுதோறும் தேடி, யோசித்து, நண்பர்களோடு விவாதித்த ஆசிரியர் பழைய நோட்ஸுக்குத் திரும்பிப் போகமாட்டார்.

கணக்கைப் பொதுவில் வைத்து "யார் போடுகிறீர்கள்?" என்று கேட்கும் வழக்கம் இந்த மண்ணில் சங்கத்துக்கும் மூத்தது. துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி அய்யர் 1907இல் தொடங்கிய சிறு குழுவே இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. அதன் இதழில் வாசகர்களுக்கான வினாப் பகுதி உண்டு. திருக்கோவிலூருக்குத் தம்மைத் தேடி நோட்டுப் புத்தகங்களோடு வந்த ராமானுஜனை அந்த அதிகாரிதான் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1911இல் அந்த வினாப் பகுதியில் ராமானுஜன் ஒரு கேள்வி கேட்டார்: ஒன்றுக்குள் ஒன்றாக முடிவின்றிச் செல்லும் வர்க்கமூலத் தொடர் ஒன்றின் மதிப்பு என்ன? மாதங்கள் கடந்தும் யாரும் விடை அனுப்பவில்லை, அவரே சொன்னார். விடை 3. பட்டம் பெறாத, வேலையில்லாத இளைஞன் ஒருவனுக்குக் கணித உலகின் கதவு ஒரு வினாப் பகுதி வழியாகத் திறந்தது. ஹங்கேரியிலும் இதே கதைதான். ஜ்யோர் நகரில் தானியேல் அரானி என்ற பள்ளி ஆசிரியர் 1894இல் தொடங்கிய மாணவர் கணித இதழ் அந்த நாட்டின் பெரும் கணித அறிஞர்கள் பலருக்கு முதற் பள்ளியாயிற்று.

பின்னாளில் அரசு சார்ந்த போட்டிகளும் பெருகின. என்.சி.இ.ஆர்.டி.யின் தேசியத் திறனறித் தேர்வு 1963இல் தொடங்கியது. தேசிய உயர்கணித வாரியம் 1986இல் இந்திய தேசியக் கணித ஒலிம்பியாடைத் தொடங்க, 1989இல் இந்திய மாணவர்கள் முதன்முறையாகப் பன்னாட்டு ஒலிம்பியாடில் கலந்துகொண்டார்கள். 1996இல் மும்பையே அதை நடத்தியது. தமிழ்நாட்டில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருகிறது. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு 500 மாணவர்க்கும் 500 மாணவியர்க்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறது. ஆணும் பெண்ணும் சரிபாதி என்று விதியிலேயே எழுதியது மிகச் சரியான முடிவு. ஊக்கத்தொகையோடு நிற்காமல், தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கே சோதனைப் பொருள்களைக் கொண்டுசெல்கிறது.

வருத்தமும் உண்டு. ஒலிம்பியாட் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு, கட்டணம் வாங்கி, எழுதிய எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கும் வணிகத் தேர்வுகள் பள்ளிகளை நிரப்பிவிட்டன. ஐந்தாம் வகுப்பிலேயே பயிற்சி மையத்தில் சேர்த்து, பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். யோசிக்கக் கற்றுத்தர வந்த போட்டி யோசிக்காமல் வெல்லும் பயிற்சியாகிவிட்டால், அது இல்லாமலிருப்பதே மேல். தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காகக் கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். கணக்கின் மேலுள்ள அச்சமும், திறமையுள்ள சிலரையும் ஒதுங்கி நிற்கும் பலரையும் ஒருசேர ஏமாற்றும் பாடத்திட்டமும் அந்தக் குழுவின் அறிக்கை சுட்டிய முதன்மையான குறைகள். போட்டி நடத்துகிற நாம் அந்த அறிக்கையை மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் அறுபதாண்டைத் தொட்டுவிட்ட இந்த வேளையில், இதை வாசிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. வாரம் ஒரு கணக்கை, மதிப்பெண் இல்லாமல், பள்ளி நடையில் உள்ள பலகையில் எழுதிவையுங்கள். போட்டவர் பெயரை அடுத்த வாரம் அங்கேயே எழுதுங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக நல்ல போட்டிக் கணக்குகளைத் தமிழில் ஆக்கிப் பகிருங்கள். கணக்கு வராததாலன்றிக் கேள்வி புரியாததால் பின்தங்கிய பிள்ளைகளை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். உங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளை புதிய வழியில் கணக்குப் போட்டால், அதைப் பிள்ளையின் பெயரோடு எழுதிச் சங்கத்தின் இதழுக்கு அனுப்புங்கள்.