தொலைபேசியில் பிறந்த படகு

1969. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் புரூஸ் கிர்பியின் தொலைபேசி அடித்தது. கிர்பி கனடாக்காரர், பாய்மரப் படகுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். மூன்று ஒலிம்பிக்கில் படகு ஓட்டியவர். படகு வரையவும் தெரியும். ஆனால் அதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மான்ட்ரியலிலிருந்து பேசியவர் நண்பர் இயன் புரூஸ். ஹட்சன்ஸ் பே நிறுவனம் முகாம் சாமான்கள் விற்கத் திட்டமிட்டிருந்தது. கூடாரம், மடக்குக் கட்டிலோடு, கார் கூரைமேல் கட்டிக்கொண்டு போக ஒரு சின்னப் படகும் வேண்டுமாம். பேசிக்கொண்டே கிர்பி கையில் கிடைத்த தாளில் கிறுக்கத் தொடங்கினார்.

கிறுக்கல் முழு வரைபடமாகி மான்ட்ரியல் போனது. ஒரே ஆள், ஒரே பாய், சுமார் 4.2 மீட்டர் நீளம். கூடாரத்துக்குத் துணையாகப் போக வேண்டிய படகுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேகத்தைக் கொடுத்துவிட்டார் மனிதர். கடைசியில் நிறுவனம் படகே வேண்டாம் என்று கைவிரித்தது. வரைபடம் புரூஸிடம் சும்மா கிடந்தது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

1970இல் கிர்பியின் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. ஆயிரம் டாலருக்குள் விலையுள்ள படகுகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். இருவருக்கும் பழைய வரைபடம் ஞாபகம் வந்தது. அவசர அவசரமாக ஒரு படகைக் கட்டினார்கள். பாய் தைத்துக் கொடுத்தவர் ஹான்ஸ் ஃபோக், டென்மார்க்கிலிருந்து வந்து கனடாவில் குடியேறிய ஒலிம்பிக் பதக்க வீரர். அக்டோபரில் படகைத் தூக்கிக்கொண்டு விஸ்கான்சின் மாநிலத்து ஏரிக்கரைக்குப் போனார்கள். போட்டி நடந்த இடம் பிளேபாய் கிளப் ஓட்டல்! பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள் கட்டி அழப்போகும் படகுக்கு இப்படியொரு பிறந்த வீடு. ஃபோக் தண்ணீரில் இறங்கினார். பாய் சரியாக உட்காரவில்லை.

தைத்தவரே ஓட்டியது நல்லதாகப் போயிற்று. பாயைத் திருத்திக்கொண்டு மறுபடி இறங்கினார். தன் பிரிவில் படகு சுலபமாக வென்றது. அப்போது அதற்கு வைத்திருந்த பெயர் ‘வீக்எண்டர்’. ஞாயிற்றுக்கிழமைக் களை சொட்டும் அந்தப் பெயர் யாருக்கும் ஒட்டவில்லை. விருந்தொன்றில் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், இளைஞர்களை இழுக்கும்படி அறிவியல் வாடையோடு ஏதாவது வைக்கலாமே என்று ஒரு பெயரைச் சொன்னார்.

அதுதான் ‘லேசர்’. 1971 நியூயார்க் படகுக் கண்காட்சியிலேயே ஆர்டர்கள் குவிந்தன. அதுவரை பந்தயக்காரர்கள் பணத்தைக் கொட்டிப் படகை இழைத்து இழைத்து வேகம் கூட்டுவது வழக்கம். லேசர் விதிகள் அந்த வழியை அடைத்தன. எல்லாப் படகும் ஒரே அச்சு, கைவைக்கக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கு அதே உடலில் சின்னப் பாய். ஜெயித்தால் ஓட்டியவர் கெட்டிக்காரர், படகு அல்ல. இந்தக் கண்டிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

1996இல் லேசர் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2021இல் டோக்கியோவில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டியதும் இதன் சின்னப் பாய் வகையான ரேடியலைத்தான்; 2019இல் உரிமைத் தகராறில் பெயர் ஐஎல்சிஏ என்று மாறிவிட்டது, படகு அதேதான். அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கோ அது மதிப்பெண் பட்டியலாகவே ஆகிப்போனது. கல்லூரியில் இடம் தேடி அங்குள்ள படகோட்டப் பயிற்சியாளருக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் படகில் பெற்ற இடங்களைத்தான் அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். அப்பா வாங்கிக் கொடுத்த படகின் விலை அந்த எண்களுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பது பயிற்சியாளருக்கும் தெரியும்.

ஆனால் கல்லூரிக் கனவோடு வரும் பெற்றோருக்கு அங்கே இரண்டு அதிர்ச்சிகள் காத்திருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிப் படகோட்டச் சங்கத்தின் விதிப்படி, பாய்மரப் பந்தயத்துக்காக விளையாட்டு உதவித்தொகை கொடுக்கக் கூடாது. சேர்க்கை அலுவலகத்தில் பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். பாடங்களில் மதிப்பெண் இல்லாவிட்டால் அந்த வார்த்தையும் எடுபடாது. அடுத்தது, கல்லூரிப் பந்தயங்களில் பெரும்பாலானவை கல்லூரிக்குச் சொந்தமான இரண்டு பேர் படகுகளில் நடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தனியாக ஓட்டிப் பழகிய பிள்ளை, முதல் வாரமே இன்னொருவரோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். விவரம் தெரிந்த மாணவர்கள் அதனால் 420 வகைப் படகில் துணையோடு ஓட்டிய முடிவுகளையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறார்கள்.