பிடுங்கும் முன்பே தொடங்கும் எலும்புப் பாதுகாப்பு

பல்லைப் பிடுங்கிய குழியில் எலும்புத்தூளை நிரப்பி, மேலே சவ்வு வைத்துத் தைத்து, சில மாதம் கழித்து இம்பிளான்ட் என்னும் செயற்கை வேரைப் பொருத்துவது நகரத்துப் பல் மருத்துவமனைகளில் இன்று பழகிப்போன சிகிச்சை. தாடை எலும்புப் பாதுகாப்பு என்ற பேச்சே இந்தத் தூளையும் சவ்வையும் சுற்றித்தான் நடக்கிறது. திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையோரம், தறியை நம்பி வாழும் அம்மையார்குப்பத்தை முன்னே வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சின் குறுகல் தெரியும். பல் போகிற அன்றே இம்பிளான்டுக்கும் பணம் எடுத்துவைக்கக்கூடிய குடும்பம் இங்கே அரிது. பல் இன்று போகும். மாற்றுப் பல்லைப் பற்றிய யோசனை மகன் வேலைக்குப் போன பிறகோ, கடன் அடைந்த பிறகோ வரும். இப்படிப்பட்ட ஊரில் எலும்பைக் காப்பதில் பெரும்பங்கு, பிடுங்குவதா வேண்டாமா என்ற முடிவுக்கும் பிடுங்குகிற கைக்கும் உரியது என்பதும், எலும்புத்தூளின் இடம் அவற்றுக்கு அடுத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பல் போன இடத்தில் எலும்பு கரைவது விதிவிலக்கில்லாத நிகழ்வு. டென்மார்க்கில் ஷ்ரோப் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கடைவாய், கடைவாய்ப் பற்களை எடுத்த இடத்தில் சராசரியாக 12 மில்லிமீட்டர் இருந்த அகலம் ஓராண்டில் 5.9 மில்லிமீட்டராகச் சுருங்கியது. இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. வழக்கமான 4 மில்லிமீட்டர் இம்பிளான்டைச் சுற்றி இருபுறமும் ஒன்றரை மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்த 5.9 போதாது. காரணத்தை அரௌஜோவும் லிண்டேயும் 2005-இல் நாய்களிடம் செய்த ஆய்வில் காட்டினார்கள். பற்குழியின் உட்சுவரில் ஒரு மெல்லிய எலும்புப் படலம் இருக்கிறது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் ஊன்றியிருப்பது அதில்தான். பல் போனால் நார் போகிறது. நார் போனால் அந்தப் படலத்துக்கு வேலையில்லை, கரைகிறது. உதட்டுப்புறச் சுவரின் விளிம்பு பெரும்பாலும் இந்தப் படலத்தாலேயே ஆனது என்பதால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. ஷாப்புயி குழுவினரின் 2013 ஆய்வு இதை மனிதரிடம் அளந்தது: மேல் முன்பற்களில் அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் இடைநிலை அளவாக 7.5 மில்லிமீட்டர் உயரம் போயிற்று; தடித்த சுவர் உள்ளவர்களுக்கு 1.1 மட்டுமே. ஒரே மருத்துவர், ஒரே சிகிச்சை என்றாலும், சுவரின் தடிமன் முடிவை மாற்றிவிடுகிறது.

அப்படியானால் எல்லாக் குழியையும் நிரப்பிவிடலாமே என்பது எதிர்வாதம். அதை எளிதாகத் தள்ள முடியாது. காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வு, மாடு போன்ற விலங்குகளின் எலும்பிலிருந்து செய்த தூளை நிரப்பிய குழிகளில், நிரப்பாதவற்றைவிட அகலத்தில் சுமார் 1.2, உயரத்தில் சுமார் 1.35 மில்லிமீட்டர் இழப்பு குறைந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் அந்தச் சான்றின் உறுதி மிகக் குறைவு என்பதையும், பின்னால் கூடுதல் எலும்பு ஒட்டும் தேவையோ இம்பிளான்ட் தோல்வியோ குறைகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே மெல்லிய சுவருள்ள முன்பல்லில், சில மாதத்தில் இம்பிளான்ட் உறுதி என்ற நிலையில், நிரப்புவது நியாயமான செலவு. எப்போது வருவார் என்று தெரியாதவரின் கடைவாய்ப் பல் குழியில் அதையே கட்டாயமாக்குவதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. தூள் எதிலிருந்து வந்தது என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வதும் கடமை. மாட்டெலும்பை ஏற்காதவர்களுக்கு, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி தரும் மனித எலும்பும், செயற்கைப் பொருள்களும் இருக்கின்றன.

செலவே இல்லாத பாதுகாப்பு பிடுங்கும் முறையில் இருக்கிறது. மூன்று வேர் கொண்ட மேல் கடைவாய்ப் பல்லை இடுக்கியால் வெளிப்புறமாக அசைத்து அசைத்து எடுக்கும்போது, வெளிச்சுவர் விரிசல் விட்டு வேரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுவதுண்டு. அதே பல்லைப் பர் என்னும் சுழலும் வெட்டுமுனை கொண்டு மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு வேரையும் தனித்தனியே தளர்த்தினால் சுவர் நின்ற இடத்தில் நிற்கும். கூடுதலாக ஆவது சில நிமிடங்கள். பிடுங்கி முடித்ததும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் குழியை இருபுறமும் அழுத்தி நெருக்குவது பழைய பாடம். விரிந்த சுவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அது உதவும். அளவுக்கு மீறி நெருக்கினாலோ, இனி காக்கவேண்டிய அகலத்தை அப்போதே இழக்கிறோம். உயிரியல் காரணத்தால் எப்படியும் கரையப்போகிற எலும்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். கரைவது மெல்லிய படலம். உடைந்து வெளியே வருவதோ அதற்குப் பின்னால் நிற்கும் சுவர். முன்னதைத் தடுக்க முடியாது, பின்னதைத் தடுக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்பு வேரை விட்டுவைப்பது. கிரம், ரூனி இருவரும் 1978-இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வில், கீழ்க் கோரைப்பற்களின் வேர்களை விட்டுவைத்து அவற்றின்மேல் பல் செட் போட்டவர்களுக்குத் தாடையின் முன்பகுதியில் 0.6 மில்லிமீட்டர் எலும்பே போயிற்று. எல்லாப் பல்லையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். மேலே பார்த்த தூளின் எண்கள் இந்த வேறுபாட்டை எட்டுவதில்லை. இம்பிளான்ட் வசதியுள்ளவர் விஷயம், கிராமத்தில் அதைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முழுப் பல் செட் அணிந்தவர்களை இருபத்தைந்து ஆண்டுவரை தொடர்ந்து பார்த்த டால்கிரெனின் 1972 ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. மேடு தேய்ந்த கீழ்த்தாடையில் செட் நிற்காது. சோறு மெல்லும்போதே நழுவும். எலும்பு தேவைப்படுவது இம்பிளான்ட் வாங்குபவருக்கு மட்டும் என்ற எண்ணமே பிழை.

வலுவான ஆட்சேபம் பொருளாதாரத்திலிருந்து வருகிறது. வேரை விட்டுவைக்க வேர் சிகிச்சை வேண்டும், அதற்குப் பல தடவை வரவேண்டும், தறி நின்றால் அன்றைய கூலி நின்றது, பிடுங்கினால் ஒரே நாளில் வலி தீர்கிறது. நெசவாளியின் இந்தக் கணக்கில் தவறில்லை. கணக்கை அப்படி ஆக்கிவைத்த சேவை அமைப்பில்தான் குறை. ஏற்ற பல்லுக்கு ஒரே அமர்வில் வேர் சிகிச்சையை முடிக்க முடியும். அந்த வசதி திருத்தணியிலேயே கிடைத்தால், 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிவரை ரயிலேற வேண்டியதில்லை. காப்பாற்றவே முடியாத பல்லுக்கும் ஒன்று செய்யலாம். பிடுங்கிய நாள், வெளிச்சுவர் முழுதாக இருந்ததா உடைந்ததா, சர்க்கரை அளவு, பீடி, சிகரெட் பழக்கம் ஆகியவற்றை நோயாளியின் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஐந்தாண்டு கழித்து அவர் சித்தூரிலோ சோளிங்கரிலோ வேறொரு மருத்துவர்முன் உட்காரும்போது, எலும்பு எந்தப் பக்கம் போனது, ஏன் போனது என்பதைப் புரிந்துகொள்ள அந்த நான்கு வரி உதவும்.