வாக்கு உண்டு, இடம் இல்லை: அமெரிக்கப் பள்ளி வாரியத் தேர்தல்களும் வாக்கெண்ணும் முறையின் அரசியலும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் என்றொரு பள்ளி மாவட்டம் உள்ளது. 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஃபெர்குசன்தான். அம்மாவட்டத்துப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். வாக்களிக்கும் வயதுடைய மக்களில் ஏறத்தாழ சரிபாதியினரும் அவர்களே. ஆயினும் ஏழு உறுப்பினர் கொண்ட பள்ளி வாரியத்தில் கறுப்பின மக்கள் விரும்பிய வேட்பாளர்கள் தேர்தல்தோறும் பெரும்பாலும் தோற்றனர். யாருடைய வாக்குரிமையும் அங்கே பறிக்கப்படவில்லை. வாக்குச் சாவடிக்குச் செல்ல எவருக்கும் தடை இல்லை. அப்படியிருந்தும் இது எவ்வாறு நிகழ்ந்தது? இக்கேள்விக்கான விடை, சாதிப் பெரும்பான்மையின் நடுவே வாழும் ஒவ்வொரு சிறுபான்மைச் சமூகத்துக்கும் பயன்படக்கூடியது.

பள்ளி வாரியம் என்பது என்ன?

அமெரிக்காவில் பள்ளிக்கல்வியை மத்திய அரசு நேரடியாக நடத்துவதில்லை. நாடு ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டு ஒவ்வொரு மாவட்டத்தையும் ஒரு வாரியம் ஆள்கிறது. மிகப் பெரும்பாலான வாரியங்களின் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட வாரியமும், மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பதவிக்காலமும் பரவலான வழக்கம். பல இடங்களில் உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை. பெரும்பாலான தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறுவதில்லை.

சம்பளமில்லாப் பதவி என்பதால் அதிகாரமில்லாப் பதவி என்று கருதிவிடக் கூடாது. மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கல்விக் கண்காணிப்பாளரை அமர்த்துவதும் நீக்குவதும் வாரியமே. வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பது, ஆசிரியர் சங்கத்துடன் ஊதிய ஒப்பந்தம் செய்வது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என எல்லை வகுப்பது, ஒழுங்கு நடவடிக்கை விதிகளை இயற்றுவது, எந்தப் பள்ளியை மூடுவது என முடிவெடுப்பது ஆகியவை அதன் கையில் உள்ளன. பல மாநிலங்களில் பள்ளிகளுக்கான சொத்து வரியை நிர்ணயிப்பதிலும் வாரியத்துக்குப் பங்குண்டு.

இத்தேர்தல்கள் பெரும்பாலும் பொதுத்தேர்தலோடு சேராமல் தனி நாளில் நடக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, மிசூரியில் ஏப்ரல் என்று நாள்கள் மாறுபடும். வாக்களிப்போர் தொகை மிகக் குறைவாகவே இருக்கும். வேலைநாளில் விடுப்பெடுக்க இயலாத ஏழைப் பெற்றோரைவிட, சொந்த வீடும் ஓய்வும் உடைய முதியோரின் வாக்குக்கு இதனால் எடை கூடுகிறது. பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மை, வாக்குச் சாவடிகளில் வெள்ளையர் பெரும்பான்மை என்ற முரண் இப்படித்தான் உருவாகிறது.

பெரும்பான்மை அனைத்தையும் அள்ளிச் செல்லும் முறை

வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. முதலாவது, மாவட்டத்தை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒருவரைத் தேர்வது. இரண்டாவது, மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு எல்லா இடங்களையும் நிரப்புவது. இதை ஒட்டுமொத்தத் தொகுதி முறை எனலாம். மூன்று இடம் காலியானால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குக்கு மேல் அளிக்க முடியாது.

ஓர் எளிய கணக்கு. ஓர் ஊரில் 1,000 வாக்காளர்கள். 600 பேர் ஒரு பிரிவினர்; 400 பேர் மற்றொரு பிரிவினர். இரு பிரிவினரும் தத்தம் வேட்பாளர்களுக்கே வாக்களிக்கின்றனர். மூன்று இடங்களுக்குத் தேர்தல் நடந்தால், பெரும்பான்மையினரின் மூன்று வேட்பாளர்களும் தலா 600 வாக்குகள் பெறுவர். சிறுபான்மையினரின் வேட்பாளர் எவரும் 400ஐத் தாண்ட முடியாது. முடிவு மூன்றுக்குச் சுழியம். ஊரில் பத்தில் நான்கு பேராக இருந்தும், எத்தனை தேர்தல் நடந்தாலும் ஓரிடமும் கிட்டாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊழலை ஒழிப்பது, கல்வியை அரசியலிலிருந்து விலக்குவது என்ற முழக்கங்களுடன் பல நகரங்களில் வட்டார வாரியங்கள் கலைக்கப்பட்டன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தென்மாநிலக் கறுப்பின மக்களுக்கு வாக்குச் சாவடியைத் திறந்துவிட்ட பிறகோ, நோக்கம் வெளிப்படையாகவே வேறாயிற்று. 1966இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டங்களுள் ஒன்று, மாவட்ட நிர்வாகக் குழுவினரை ஒட்டுமொத்தத் தொகுதி முறையில் தேர்ந்தெடுக்க வழிவிட்டது. மற்றொன்று, 11 மாவட்டங்களில் மக்கள் தேர்ந்தெடுத்துவந்த கல்விக் கண்காணிப்பாளர் பதவியை நியமனப் பதவியாக மாற்றியது. இத்தகைய மாற்றங்களுக்கும் மத்திய அரசின் முன் ஒப்புதல் தேவை என 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கைப் பறிப்பதைப் போலவே, வாக்கின் பலனை நீர்க்கச் செய்வதும் உரிமை மீறலே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1982இல் வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு திருத்தப்பட்டது. பாகுபாட்டு நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. விளைவைக் காட்டினால் போதும் என்றாயிற்று. நோக்கம் உள்ளத்தில் ஒளிந்திருப்பது, விளைவு எண்ணிக்கையில் தெரிவது என்பதால் இத்திருத்தம் வழக்காடுவோருக்குப் பெருந்துணையாயிற்று. ஆனால் 2013இல் உச்ச நீதிமன்றம், எந்தெந்தப் பகுதிகளுக்கு முன் ஒப்புதல் தேவை என்பதை வரையறுத்த பிரிவைச் செல்லாததாக்கியது. அதனால் முன் ஒப்புதல் ஏற்பாடே செயலிழந்தது.

ஃபெர்குசன் வழக்கும் குவிப்பு வாக்கும்

2014 டிசம்பரில் ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் வாரியத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. அங்கிருந்தது ஒட்டுமொத்தத் தொகுதி முறையே. அதனோடு, ஏழு இடங்களையும் ஒரே நேரத்தில் நிரப்பாமல், ஆண்டுதோறும் இரண்டு அல்லது மூன்று இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடந்தது. இம்முறை இரண்டாம் பிரிவை மீறுகிறது என 2016 ஆகஸ்டில் மத்திய மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தீர்வாக நீதிமன்றம் ஆணையிட்டது குவிப்பு வாக்கு முறையை. இதில் எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் என்பதில் மாற்றமில்லை. ஆனால் வாக்காளர் விரும்பினால் தம் எல்லா வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம். முன்னைய கணக்கையே மீண்டும் பாருங்கள். 400 பேரும் தம் மூன்று வாக்குகளையும் ஒரே வேட்பாளர் மீது குவித்தால் அவருக்கு 1,200 வாக்குகள். 600 பேரிடம் உள்ளவை 1,800 வாக்குகள். அவற்றை மூவருக்குப் பங்கிட்டால் தலா 600. இருவருக்குப் பங்கிட்டால் தலா 900. எப்படிப் பிரித்தாலும் சிறுபான்மையினரின் வேட்பாளரைத் தோற்கடிக்க இயலாது.

டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ பள்ளி மாவட்டமும் ஒரு வழக்கின் உடன்பாட்டின்படி இம்முறையை ஏற்றது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் ஒரு கறுப்பினத்தவரும் லத்தீன் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் அங்கே வெற்றி பெற்றனர்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. மூன்று இடங்களுக்குத் தேர்தல் எனில், நான்கில் ஒரு பங்குக்கு மேலுள்ள பிரிவினர் ஓரிடத்தை உறுதியாகப் பெறலாம். ஏழு இடங்கள் எனில், எட்டில் ஒரு பங்குக்கு மேலிருந்தால் போதும். ஒரே ஓர் இடத்துக்கான தேர்தலில் குவிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஆண்டுக்கொரு இடமாகத் தேர்தலைத் துண்டாடினால் குவிப்பு வாக்கு பயனற்றுப்போகும். சிறுபான்மையினர் தமக்குள் பல வேட்பாளர்களை நிறுத்தி வாக்கைச் சிதறடித்தாலும் விளைவு அதுவே. சட்டம் வாய்ப்பைத் தரும். அதை இடமாக மாற்றுவது அமைப்பாகத் திரள்வதே.

அண்ணல் கேட்ட அதே கருவி

குவிப்பு வாக்கு அமெரிக்காவின் கண்டுபிடிப்பு அன்று. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டப்படி இங்கிலாந்தில் உருவான பள்ளி வாரியங்கள் இம்முறையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டன. பெண்களும் போட்டியிடலாம் என்ற நிலை இருந்ததால், அவ்வாண்டே எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் ஆகிய இருவரும் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்வாயினர். பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது இது.

இந்தியாவில் இக்கருவியின் அருமையை உணர்ந்து போராடியவர் அண்ணல் அம்பேத்கர். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தால் தனித்தொகுதி உரிமை கைநழுவி, கூட்டுத் தொகுதிகளில் இட ஒதுக்கீடு என்றாயிற்று. அக்கூட்டுத் தொகுதிகளிலேனும் ஒடுக்கப்பட்டோரின் வாக்கு பெரும்பான்மையில் கரைந்துவிடாதிருக்கக் குவிப்பு வாக்கு வேண்டும் என அவர் வலியுறுத்தினார். பம்பாய் மாகாணத்தின் 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்முறை இருந்தது, அண்ணலும் வென்றார். விடுதலைக்குப் பிந்தைய இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் வாக்கைக் குவிக்கும் உரிமை இல்லை. அத்தகைய வடக்குப் பம்பாய்த் தொகுதியில்தான் 1952இல் அவர் தோற்றார்.

நம் ஊர்ப் பள்ளியில்

அமெரிக்காவைப் போன்ற பள்ளி வாரியம் இந்தியாவில் இல்லை. அதற்கு ஓரளவு நெருக்கமானது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உருவாக்கிய பள்ளி மேலாண்மைக் குழு. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் தரப்பட வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், நிதிச் செலவைக் கவனிப்பதும் குழுவின் கடமைகள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் குழு ஆலோசனை கூறும் அமைப்பே.

விகிதாசாரம் என்று கூறும் சட்டம், அதை எட்டும் தேர்தல் முறை எதுவெனக் கூறவில்லை. கைதூக்கியோ ஒருமனதாகவோ எல்லா இடங்களையும் நிரப்பினால், மேலே கண்ட மூன்றுக்குச் சுழியம் கணக்கு இங்கும் பொருந்தும். ஊர்த்தெருவின் முன் சேரித் தாய் ஒருத்தி கை உயர்த்துவது எத்தனை கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே, குழு மறுகட்டமைப்பு அறிவிக்கப்பட்டதும் செய்ய வேண்டியவை சில. பள்ளியில் பிரிவுவாரியான மாணவர் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியேனும் முன்கூட்டிப் பெறுக. பெற்றோருக்கு 15 இடங்கள் உள்ள குழுவில், மாணவரில் 40 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் எனில் ஆறு இடங்கள் நம் உரிமை. அதை எழுத்தில் கோருக. போட்டியிருந்தால் இரகசிய வாக்கெடுப்பு நடத்தக் கோருக. கூட்ட நாளுக்கு முன்பே தெருவில் கூடி, நிற்பவர் யார் என ஒருமித்து முடிவெடுக்க. விகிதம் மீறப்பட்டால் 21ஆம் பிரிவைச் சுட்டிக் கல்வி அலுவலரிடம் முறையிடுக. அந்த முறையீட்டில் இணைக்க வேண்டிய முதல் சான்று, மாணவர் எண்ணிக்கையையும் குழு உறுப்பினர் பட்டியலையும் அருகருகே வைத்த ஒரு தாள்.