விமானத்தின் காதும் நம் காதும்

போன வருஷம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போனேன். அவருக்கு 74 வயது. இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி மாட்டியிருப்பார். புது மாடல் என்பதால் பார்ப்பதற்கு ப்ளூடூத் இயர்பட் மாதிரியே இருக்கும்.

தரையிறங்கும் நேரத்தில் எங்கள் வரிசைக்கு வந்த விமானப் பணிப்பெண், என்னைப் பார்த்து ஹெட்போனைக் கழற்றச் சொன்னார். அடுத்து அப்பாவின் காதைக் காட்டி அதே சைகை. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அப்பா 35 வருஷம் அரசு வேலை பார்த்தவர். யூனிஃபார்ம் போட்டவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானோ அந்தப் பெண் நகர்ந்ததும் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன். இன்ஜினியர் திமிர்தான், வேறென்ன.

சில நிமிஷம் கழித்து, ரன்வே கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில், விமானம் திடீரென்று மூக்கைத் தூக்கி மேலே ஏற ஆரம்பித்தது. எதிர் வரிசையில் ஒரு அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஏதோ அறிவிப்பு வந்திருக்கிறது, எல்லோரும் மேலே ஸ்பீக்கரைப் பார்க்கிறார்கள். அப்பா என் கையைப் பிடித்து, "என்னடா ஆச்சு?" என்றார். எனக்கும் தெரியவில்லை. கருவி இல்லாமல் அவருக்குக் கேட்கவில்லை, கருவி மாட்டியதால் எனக்குக் கேட்கவில்லை. முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு இன்னும் விலகவில்லை என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இரண்டாவது சுற்றில் ஒழுங்காகவே இறங்கினோம்.

அந்தக் கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. இந்த ஹெட்போன் விதி எங்கிருந்து வந்தது? அப்பாவின் கருவியைக் கழற்றச் சொன்னது சரியா? நான் படித்தது பி.இ. எலெக்ட்ரானிக்ஸ், பிழைப்பு சாஃப்ட்வேர். ராத்திரி நேரத்தில் பழைய விதிப் புத்தகங்களைத் தோண்டிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கதை ஹெட்போனில் தொடங்கவில்லை, ரேடியோவில் தொடங்குகிறது. 1954ல் அமெரிக்காவில் ரீஜன்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் ரேடியோ! அது ஏ.எம். மட்டும் பிடிக்கும். கொஞ்ச வருஷத்தில் எஃப்.எம். பிடிக்கும் சின்ன ரேடியோக்களும் வந்தன. ஜனங்கள் அதையும் எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறினார்கள். அங்கேதான் சிக்கல்.

ரேடியோ என்றால் சிக்னலை வாங்குகிற பெட்டிதானே, அது எப்படி இன்னொரு கருவியைத் தொந்தரவு செய்யும்? நியாயமான கேள்வி. எஃப்.எம். ரேடியோவுக்குள்ளே ஒரு ஆஸிலேட்டர் இருக்கும். நாம் எந்த ஸ்டேஷனை வைக்கிறோமோ, வழக்கமாக அதைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் அதிகமான அலைவரிசையில் அது ஓடும். நம்ம ஊர்க் கணக்கில் சொல்வதென்றால், சென்னையில் 98.3ல் ரேடியோ மிர்ச்சி கேட்டால் ரேடியோவின் உள்ளே 109.0 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் உருவாகும். அதில் துளியூண்டு வெளியேயும் கசியும்.

இப்போது விமானத்தின் பக்கம் வருவோம். அந்தக் காலத்தில் விமானங்கள் திசை கண்டுபிடித்தது வி.ஓ.ஆர். என்ற தரை நிலையங்களை வைத்து. அவை ஒலிபரப்புவது 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸுக்குள். ரன்வேயின் நடுக்கோட்டுக்கு இடதுபக்கம் இருக்கிறோமா, வலதுபக்கம் இருக்கிறோமா என்று விமானிக்குக் காட்டும் ஐ.எல்.எஸ். லோகலைசரும் 108 முதல் 112 வரைதான். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்திலிருந்து வருகிற மெலிந்த சிக்னலை விமானத்தின் ஆண்டெனா கேட்டுக்கொண்டிருக்கும்போது, சில மீட்டர் தள்ளி ஒரு பயணியின் ரேடியோ அதே அலைவரிசையில் முணுமுணுக்கிறது. காதுக்குப் பக்கத்தில் கொசு ரீங்கரித்தால் தூரத்துப் பேச்சு எப்படிக் கேட்கும்?

1961ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., விமானத்தில் எஃப்.எம். ரேடியோ கேட்பதற்குத் தடை போட்டது. 1963ல் ஆர்.டி.சி.ஏ. என்ற தொழில்நுட்பக் குழு, பயணிகள் கொண்டுவரும் கருவிகளால் வரும் இடையூறு பற்றித் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. பிறகு விதி எல்லா எலெக்ட்ரானிக் கருவிகளுக்கும் விரிந்தது. "என் கருவி ஆபத்தில்லாதது" என்று பயணி சொன்னால் போதாது, விமான நிறுவனம் சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்தார்கள்.

ஆனால் அந்த விதியிலேயே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, காது கேட்கும் கருவி, இதயத்துக்கான பேஸ்மேக்கர், எலெக்ட்ரிக் ஷேவர். இந்த நான்குக்கும் தடை இல்லை! நம் நாட்டு விமான விதிகள், 1937ல் இருக்கும் 29-பி விதியும் கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் சொல்கிறது. அதாவது அப்பா அன்றைக்கு சீட்டில் உட்கார்ந்தபடி முகச்சவரம் செய்திருந்தால்கூட விதி மீறல் இல்லை. காது கேட்கும் கருவி மாட்டியிருந்ததும் ஒரு தவறும் இல்லை.

சரி, ரேடியோவுக்குப் போட்ட தடை எப்படி ஹெட்போன் வரை வந்தது? 1979ல் சோனி வாக்மேன் வந்தது. பிறகு சி.டி. பிளேயர், லேப்டாப், செல்போன். இதில் எது கசியும், எது கசியாது என்று ஒவ்வொரு மாடலாகச் சோதிக்க எந்த நிறுவனத்துக்கு நேரம் இருக்கிறது? 1993ல் எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை, டேக் ஆஃப் சமயத்திலும் தரையிறங்கும் சமயத்திலும் கருவிகளை அணைக்கச் சொல்லுமாறு நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. 10,000 அடிக்குக் கீழே எல்லாவற்றையும் அணை என்று நாம் கேட்டுப் பழகிய வழக்கம் இப்படி வேரூன்றியதுதான். விமானிகளுக்கு வேலை அதிகம், தவறைத் திருத்த நேரம் குறைவு என்கிற கட்டம் அது. 1981லிருந்தே, அந்த உயரத்துக்குக் கீழே விமானிகள் வெட்டிப்பேச்சு பேசக்கூடாது என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது.

ஹெட்போன் வயரும் இதில் முழு நிரபராதி கிடையாது. பழைய செல்போன்களில் எஃப்.எம். கேட்கப் போனால் ஹெட்போனைச் சொருகச் சொல்லுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வயர்தான் ஆண்டெனா. வாங்கத் தெரிந்த ஆண்டெனாவுக்கு அனுப்பவும் தெரியும். கருவிக்குள் கசிவது வயர் வழியாகவும் வெளியேறலாம்.

செல்போன் தடை இதிலிருந்து வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1991ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பறக்கும்போது செல்போன் பேசத் தடை விதித்தது. அவர்கள் கவலைப்பட்டது தரையிலிருக்கும் நெட்வொர்க்கைப் பற்றி. உயரத்திலிருந்து ஒரு போன் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட டவர்களின் கண்ணில் படும்.

காலப்போக்கில் விமானங்களின் வயரிங், கவசம் எல்லாம் இந்தக் கசிவைத் தாங்குகிற மாதிரி வடிவமைக்கப்பட்டன. எஃப்.ஏ.ஏ. ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, 2013 அக்டோபர் 31 அன்று, விமானம் தாங்கும் என்று நிறுவனம் நிரூபித்தால் புறப்பாடு முதல் வருகை வரை சிறிய கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஐரோப்பா அதே டிசம்பரில் பின்தொடர்ந்தது. இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. 2014 ஏப்ரலில் ஃப்ளைட் மோடில் அனுமதி கொடுத்தது. இன்றைக்கும் பனிமூட்டம் மாதிரியான சமயத்தில் அணைக்கச் சொல்லும் அதிகாரம் விமானக் குழுவுக்கு உண்டு.

அப்படியென்றால் 2014க்குப் பிறகும் ஹெட்போனைக் கழற்றச் சொல்வது ஏன்? நானும் "பழைய பழக்கம், வேற ஒண்ணும் இல்லை" என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். அன்றைக்கு விமானத்தின் காதுக்காகப் போட்ட விதி, இப்போது நம் காதுக்காக நிற்கிறது.

2024 ஜனவரி 2. டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 516, தரையிறங்கிய உடனே கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஏர்பஸ் ஏ350ல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மோதலில் உள்ளே அறிவிப்பு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. விமானியோடு பேசும் இன்டர்காமும் போய்விட்டது. எட்டு கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. பின்பக்கக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அங்கிருந்த பணிப்பெண்ணே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் மிச்சமிருந்தது மெகாஃபோனும் தொண்டையும் மட்டும்.

ஒரு விமானத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டியாக வேண்டும். அந்த 90 விநாடியில், "என்ன சொன்னாங்க?" என்று கேட்கப் பத்து விநாடி போனால் அது யாருடைய பத்து விநாடி? எனக்குப் பின்னால் நிற்பவருடையதும்தான்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் அன்றைக்கு எங்கள் வரிசையில் நடந்தது தலைகீழ். கழற்ற வேண்டிய நான் திருட்டுத்தனமாக மாட்டிக்கொண்டேன், மாட்டியே இருக்க வேண்டிய அப்பா கழற்றிவிட்டார். அந்தப் பணிப்பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட காதுகளை இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடிக்க வேண்டிய வேலை அது. விளக்க வேண்டியவன் நான். ஒரு வார்த்தை, "இது ஹியரிங் எய்ட்" என்று எழுந்து சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது ஏறுகிற வாசலிலேயே சொல்லிவிட்டேன். அந்த விமானத்துப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, எங்கள் சீட் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சென்னையில் இறங்கும்போது யாரும் அப்பாவைக் கழற்றச் சொல்லவில்லை. என் ஹெட்போன் பைக்குள் இருந்தது. சக்கரம் கீழே இறங்குகிற சத்தம் கேட்டதும் அப்பா என் பக்கம் திரும்பி, "சக்கரம் விட்டுட்டான்" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பறக்கப் போகிறவர்கள், ஏறும்போதே விமானக் குழுவிடம் காது கேட்கும் கருவி பற்றிச் சொல்லிவிடுங்கள். யாராவது கழற்றச் சொன்னால், தேவையில்லை என்று பொறுமையாக விளக்குங்கள். அதற்கு நம் காதிலிருந்து ஹெட்போனை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.