பெயர்ப்பலகைக்கு ஒரு சட்டம்

ஆஸ்திரேலியாவில் உளவியலாளர்களை அரசு பதிவு செய்ய வேண்டும் என்று சொன்ன முதல் சட்டம் உளவியலாளர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. வேறொரு கூட்டத்தை ஊரைவிட்டு விரட்டுவதற்காக எழுதப்பட்டது. விக்டோரியா மாநிலம் 1965-இல் கொண்டுவந்த 'உளவியல் நடைமுறைகள் சட்டம்' அது. மனநலம் பற்றி நம்மிடையே பேச்சு கூடிவரும் இந்தக் காலத்தில், 'லைசென்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள இந்தக் கதை எனக்கு உதவியது.

அந்தக் கூட்டத்தின் பெயர் சயின்டாலஜி. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் எல். ரான் ஹப்பர்ட் 1950-இல் 'டயனெடிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். மனதில் புதைந்து கிடக்கும் பழைய காயங்களைப் பேசிப் பேசி வெளியே எடுத்தால் மனிதன் முழுமையடைவான் என்பது அதன் சாரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் சயின்டாலஜி. ஐம்பதுகளின் பிற்பகுதியில் மெல்பர்னில் அதற்கு வலுவான கிளை இருந்தது. ஒருவர் கேள்வி கேட்பார், எதிரே இருப்பவர் இரண்டு தகர டப்பாக்களைக் கையில் பிடித்தபடி பதில் சொல்வார். டப்பாக்களிலிருந்து போகும் கம்பி 'இ-மீட்டர்' என்ற கருவியில் சேரும். முள் ஆடினால் மனதில் ஏதோ சிக்கல் என்று பொருள். இந்த அமர்வுக்கு ஆடிட்டிங் என்று பெயர். இலவசம் கிடையாது. படிப்படியாகக் கட்டணம் ஏறும்.

பணம் இழந்தவர்களிடமிருந்தும் குடும்பம் பிரிந்தவர்களிடமிருந்தும் புகார்கள் வந்தன. 1963-இல் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஜான் கால்பலி விக்டோரியாவின் மேலவையில் விஷயத்தைக் கிளப்பினார். ஹென்றி போல்ட்டின் அரசாங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கெவின் ஆண்டர்சன் என்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரே விசாரணைக் குழு. 160 நாட்கள் அமர்ந்து 151 சாட்சிகளைக் கேட்டார். 1965-இல் வந்த அவரது அறிக்கை ஈவு இரக்கம் காட்டவில்லை. ஆடிட்டிங் என்பது ஒருவகை ஹிப்னாடிசம், மன ஆரோக்கியத்துக்குக் கேடு, இது மதமே அல்ல என்பது அவரது முடிவு.

சரி, தடை போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஓர் அமைப்பைப் பெயர் சொல்லித் தடை செய்தால் அது நாளைக்கே வேறு பெயரில் வரும். ஆகவே செயலையே தடுக்க வேண்டும். ஆனால் அந்தச் செயல் என்ன? ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் தன் துயரத்தைச் சொல்கிறார். பாதிரியார் செய்வதும் அதுதான். ஆசிரியர் செய்வதும் அதுதான். நம்ம வீட்டுப் பாட்டி செய்றதும் அதுதான். இதில் எதைக் குற்றம் என்று எழுதுவது?

விக்டோரியா கண்ட வழி இது. உளவியல் நடைமுறை என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கும். காசுக்கு அதைச் செய்ய விரும்புபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவேட்டைக் காக்க ஒரு மன்றம் இருக்கும். ஹிப்னாடிசத்துக்கும் கட்டுப்பாடு. சயின்டாலஜியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பது தனிக் குற்றம். இப்படி ஒரே சட்டத்துக்கு மூன்று வேலைகள். வரையறை அகலமானது என்பதால் மருத்துவர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற மதங்களின் குருமார்களுக்கும் விலக்கு தர வேண்டியிருந்தது.

இ-மீட்டர் பற்றிய பிரிவு இன்னும் சுவாரசியமானது. மன்றத்தின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. பதிவுபெற்ற உளவியலாளருக்கு மட்டும் தடையில்லை. தோலின் வழியே ஓடும் மின்சாரத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து மனதைப் படிக்க முயல்வது ஹப்பர்டின் கண்டுபிடிப்பு அல்ல. கார்ல் யுங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல் தொடர்புச் சோதனைகளில் கால்வனோமீட்டரைப் பயன்படுத்தியவர். ஆக, கருவியின் அடிப்படை ஒன்றேதான். அது யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே குற்றமா தொழிலா என்று சட்டம் முடிவு செய்தது. உரிமம் என்ற ஏற்பாட்டின் இயல்பை இந்த ஒரு பிரிவு அம்மணமாகக் காட்டிவிடுகிறது என நினைக்கிறேன்.

பிறகு நடந்தது என்ன? சயின்டாலஜி அழியவில்லை. 1969-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் 'புதிய நம்பிக்கையின் திருச்சபை' என்ற பெயரில் பதிவு செய்துகொண்டது. 1973-இல் மத்திய அரசின் திருமணச் சட்டத்தின்கீழ் மதப்பிரிவாக அங்கீகாரம் பெற்றது. விக்டோரியா தன் தடைகளை 1982-இல் நீக்கியது. அடுத்த ஆண்டே, விக்டோரியாவின் சம்பளப் பட்டியல் வரி தொடர்பான வழக்கில், சயின்டாலஜி ஒரு மதம்தான் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அவர்கள் மதத்தின் வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். சட்டத்தின் குறியில் இல்லாத உளவியலாளர்களுக்கோ ஒரு பதிவேடு நிலைத்துவிட்டது. மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 2010-இல் எல்லாப் பதிவேடுகளும் ஒரே தேசியப் பதிவேட்டில் சேர்ந்தன.

இதே சயின்டாலஜி இங்கிலாந்தையும் உலுக்கியது. 1968-இல் சுகாதார அமைச்சர் கென்னத் ராபின்சன், சயின்டாலஜி படிக்கவும் பணிபுரியவும் வரும் வெளிநாட்டினரைத் தடுத்தார். பிறகு சர் ஜான் ஃபாஸ்டரிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. 1971-இல் வந்த அவரது அறிக்கை ஆண்டர்சனின் அறிக்கையிலிருந்து முற்றிலும் வேறு குணம் கொண்டது. ஒரு குழுவை மட்டும் குறிவைத்துத் தண்டிப்பது முறையல்ல என்றார் ஃபாஸ்டர். காசு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் பிறர் மனதுக்குச் சிகிச்சை தரலாம் என்ற நிலைதான் உண்மையான கோளாறு, அதைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துங்கள் என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் இங்கிலாந்தும் அதே சுவரில் முட்டிக்கொண்டது. 1978-இல் பால் சீகார்ட் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து, உளச்சிகிச்சை என்ற செயலைச் சட்ட மொழியில் வரையறுக்க முடியாது, பட்டங்களை மட்டுமே காக்க முடியும் என்ற முடிவுக்கு வந்தது. அதாவது, யார் பேசலாம் என்பதைச் சட்டம் சொல்லாது. யார் என்ன பெயர்ப்பலகை மாட்டலாம் என்பதை மட்டும் சொல்லும். 1981-இல் ஒரு தனிநபர் மசோதா வந்து தோற்றது. 1987-இல் பிரிட்டிஷ் உளவியல் சங்கம் தானே ஒரு பதிவேட்டைத் திறந்தது. அரசுப் பதிவு வர 2009 ஆகிவிட்டது. அப்போதும் மருத்துவ உளவியலாளர், கல்வி உளவியலாளர், தடயவியல் உளவியலாளர் என்று அடைமொழி சேர்ந்த பட்டங்களுக்குத்தான் பாதுகாப்பு. வெறும் 'உளவியலாளர்' என்ற சொல்லுக்கு அங்கே காவல் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வு மட்டும் செய்பவர்களும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு எண்ணம் வந்திருக்கலாம். வரையறை கடினம், ஆனாலும் எப்படியாவது ஒரு பதிவேடு வந்துவிட்டால் மக்கள் தப்பித்துவிடுவார்கள். அந்த எண்ணத்தோடு விக்டோரியாவின் பக்கத்து மாநிலமான நியூ சௌத் வேல்ஸுக்குப் போவோம்.

சிட்னியின் பென்னன்ட் ஹில்ஸ் பகுதியில் செம்ஸ்ஃபோர்ட் தனியார் மருத்துவமனை இருந்தது. அங்கே ஹாரி பெய்லி என்ற மனநல மருத்துவர் 1963 முதல் 1979 வரை 'ஆழ்நிலை உறக்கச் சிகிச்சை' அளித்தார். நோயாளிகளுக்குப் பார்பிட்டியூரேட் மருந்துகளைக் கொடுத்து நாட்கணக்கில், சிலரை வாரக்கணக்கில் மயக்க உறக்கத்தில் வைத்திருப்பது. மூக்குவழிக் குழாயில் உணவு. அந்த உறக்கத்திலேயே மின் அதிர்ச்சி. பலரிடம் ஒழுங்கான ஒப்புதல்கூட வாங்கப்படவில்லை. குறைந்தது 24 பேர் இறந்தார்கள்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 1963-இல்தான் மெல்பர்னில் தகர டப்பா வைத்திருந்தவர்கள்மீது விசாரணை தொடங்குகிறது. அதே ஆண்டில் சிட்னியில், பட்டமும் பதிவும் அரசு முத்திரையும் உள்ள மருத்துவர் இதைத் தொடங்குகிறார். பெய்லி உளவியலாளர் அல்ல, மருத்துவர். உளவியலாளர்களின் பதிவேட்டைவிட மருத்துவர்களின் பதிவேடு மிகப் பழையது, மிக வலுவானது. அந்தப் பதிவேட்டின் நிழலில்தான் பதினாறு ஆண்டுகள் இது நடந்தது.

அதை வெளிக்கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? சயின்டாலஜி திருச்சபை 1969-இல் தொடங்கிய 'மனித உரிமைகளுக்கான குடிமக்கள் ஆணையம்'. மருத்துவமனையில் பணிபுரிந்த தாதி ஒருவர் ரகசியமாக நகலெடுத்த கோப்புகள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. மனநல மருத்துவத்தின் மீது சயின்டாலஜிக்கு இருந்த பகை இந்த ஒரு விஷயத்தில் உண்மையின் பக்கம் நின்றது. பெய்லி 1985-இல் தற்கொலை செய்துகொண்டார். நீதிபதி ஜான் ஸ்லாட்டரியின் அரச விசாரணை ஆணையம் 1988-இல் தொடங்கி 1990-இல் அறிக்கை தந்தது. கடைசி உறக்கம் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இதைச் சொல்வதால் சயின்டாலஜிக்கு நான் வெள்ளையடிக்கவில்லை. மெல்பர்னில் புகார் சொன்னவர்களின் காயமும் உண்மைதான். 'எல்லா டாக்டரும் இப்படித்தான்' என்ற வாட்ஸாப் ஞானத்துக்கும் இதில் இடமில்லை. நான் சொல்ல வருவது வேறு. உரிமச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம் கவனமெல்லாம் வாசலில் நிற்கிறது. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது. மெல்பர்ன் வாசலைக் காத்தது. செம்ஸ்ஃபோர்டில் பிரச்சினை வாசலில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. உள்ளே வந்தவர் தவறு செய்தால் நோயாளியின் சொல்லை யார் கேட்பார்கள்? மற்றவர்களைவிட மனநோயாளிக்கு இது கடினம். அவர் புகார் சொன்னாலே, 'அதுவும் நோயின் அறிகுறி' என்று ஒதுக்கிவிட முடியும்.

அப்படிப் பார்த்தால் ஒரு பதிவேட்டின் மதிப்பு அதில் எத்தனை பெயர் சேர்ந்தது என்பதில் இல்லை. தேவைப்படும்போது அதிலிருந்து ஒரு பெயரை அடிக்க முடிகிறதா, அடிக்கப்பட்டவர் அடுத்த தெருவில் அதே பலகையை மாட்ட முடியாமல் போகிறதா என்பதில்தான் இருக்கிறது. விருப்பமுள்ளவர் சேரும் பதிவேட்டுக்கும் சட்டம் ஏற்படுத்தும் பதிவேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. சங்கம் ஒருவரை நீக்கலாம். ஆனால் அவர் தொழிலை நிறுத்தும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது.

நம் பக்கம் வருவோம். மலேசியா 1998-இலேயே ஆலோசகர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிவிட்டது. சட்டம் 580. ஆலோசகராகப் பணிபுரிய 'லெம்பாகா கவுன்சிலர்' என்ற வாரியத்தில் பதிவும் அதற்கு மேல் தொழில் சான்றிதழும் வேண்டும். சில ஆலோசகர்களின் பெயருக்குப் பின்னால் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகள் இந்த இரண்டையும் குறிப்பவை. மருத்துவ உளவியலாளர்கள் 2016-இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில், அதாவது சட்டம் 774-இல் சேர்க்கப்பட்டார்கள். சிங்கப்பூரின் பாதை வேறு. 2011-இல் அங்கே இதேபோன்ற சட்டம் வந்தபோது தொழில்சார் சிகிச்சையாளர், இயன்முறைச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகிய மூவரோடு தொடங்கினார்கள். உளவியலாளர்கள் அதில் இல்லை. 1979-இல் உருவான சிங்கப்பூர் உளவியல் சங்கம் வைத்திருந்த பதிவேடு விருப்பத்தின் பேரில் சேர்வதாகவே இருந்தது.

நம் பேச்சுத் தமிழில் இந்த வேறுபாடுகள் எதுவும் இல்லை. மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர், சோதனைகள் செய்து சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் எல்லாரும் நமக்கு ஒன்று 'டாக்டர்', இல்லாவிட்டால் 'கவுன்சிலர்'. வாரக் கடைசியில் மண்டபத்தில் 'ஆழ்மனச் சக்தி' வகுப்பு எடுப்பவரும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அம்மா ஒருபக்கம் சாமி பார்க்கக் கூட்டிப் போவார், அக்கா இன்னொருபக்கம் கிளினிக் எண்ணை அனுப்புவார். சாமி பார்ப்பவரைச் சட்டம் தொடாது. தொட முயன்றால் எந்தச் சிக்கலில் போய் முடியும் என்பதை மெல்பர்ன் காட்டிவிட்டது. ஆகவே தேர்வு நம்மிடம்தான் வருகிறது. அதற்குச் சொற்களின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

யாரையாவது பார்க்கப் போகும் நண்பர்களிடம் நான் சொல்வது இரண்டு விஷயம். முதலில், அவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, முறையானவர் உடனே சொல்லிவிடுவார். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை: இவர்மீது ஒரு புகார் இருந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? செம்ஸ்ஃபோர்டின் நோயாளிகளுக்கு அதற்கான பதில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நாம் முதல் அமர்வுக்குப் போகும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.