கடல் கடந்த பட்டங்கள்

கல்வியைக் கள்வர் கவர்வதில்லை, நெருப்பு எரிப்பதில்லை என்று தமிழ் அறநூல்கள் பலபடப் பேசுகின்றன. கற்றவர் செல்லுமிடமெல்லாம் மதிக்கப்பெறுவர் என்பதும் நெடுங்காலமாகப் போற்றப்பட்டுவரும் நம்பிக்கையாகும். ஆயின், பல்கலைக்கழகப் பட்டமும் அரசு முத்திரையும் தொழிற்பதிவேடும் தோன்றிய பின்னர் அந்நம்பிக்கை கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. கற்றவரின் அறிவு அவரோடு கப்பலேறிச் செல்லும். அவர் பெற்ற பட்டமோ துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்படும். குடிபெயர்ந்தோரின் கல்வித் தகுதியை ஒரு நாடு எப்போது ஏற்கிறது, எப்போது மறுக்கிறது என்பதற்குப் பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டு வரலாறு தெளிவான சான்றாகும். அவ்வரலாற்றின் சில பக்கங்களில் சென்னையும் இடம்பெற்றுள்ளது.

பதிவேடு பிறந்த கதை

1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பிரிட்டனில் பொது மருத்துவப் பேரவையைத் தோற்றுவித்தது. தகுதி பெற்ற மருத்துவர் யார், போலி யார் என்பதை மக்கள் அறிந்துகொள்ளும் பொருட்டுப் பதிவேடு ஒன்று தொடங்கப்பெற்றது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் வழங்கிய தகுதிகளே அதில் இடம்பெறும் என்பது விதி. எனினும், சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே பிரிட்டனில் மருத்துவம் செய்துவந்த அயல்நாட்டுப் பட்டத்தார்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கின் வழியாகவே 1859இல் எலிசபெத் பிளாக்வெல் பதிவு பெற்றார். அவர் 1849இல் அமெரிக்காவின் ஜெனீவா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பிரிட்டிஷ் பதிவேட்டில் இடம்பெற்ற முதற்பெண்மணி அயல்நாட்டுப் பட்டத்தின் துணைகொண்டே உள்ளே நுழைந்தார் என்பது நோக்கத்தக்கது. அவருக்குப் பின் அவ்வழி அடைபட்டது.

சென்னையில் பெற்ற தகுதி

சென்னையில் வழக்கறிஞராக விளங்கிய ஆங்கிலேயர் ஒருவரின் மனைவியார் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரை அணுகத் தயங்கிய பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பத்தைக் கண்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1878இல் மருத்துவ உரிமத் தகுதி பெற்றார். அத்தகுதி பிரிட்டிஷ் பதிவேட்டுக்கு உரியதாக இல்லை. பிறப்பால் ஆங்கிலேயராயினும், கற்ற இடம் சென்னை என்பதால் இலண்டனில் மீண்டும் மாணவியானார். 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பின் சென்னைக்குத் திரும்பி 1885இல் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று அமையக் காரணரானார். மக்கள் வழக்கில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என வழங்கும் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையே அது.

அம்மையாரின் வாழ்வு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. பதிவேடு ஆளின் பிறப்பைக் கேட்கவில்லை. பட்டத்தின் பிறப்பிடத்தைக் கேட்டது. அவர் சென்னையில் கற்றது எத்துணை என்பதை எவரும் தேர்ந்து பார்த்து மறுக்கவில்லை. பார்க்கும் முறையே அன்று இல்லை.

கொடுக்கல் வாங்கல்

1886ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. பிரிட்டிஷ் மருத்துவர்க்குத் தன் நாட்டில் இடமளிக்கும் நாட்டின் பட்டங்களைப் பிரிட்டனும் ஏற்கலாம் என அது வகுத்தது. அதன்படி 1892 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்கள் ஏற்பைப் பெற்றன. பேரரசுக்கு வெளியே இத்தாலி, ஜப்பான் ஆகிய நாடுகளோடு இவ்வுடன்பாடு ஏற்பட்டது. மருத்துவக் கல்வியில் அந்நாளில் உலகுக்கே வழிகாட்டியாக விளங்கிய ஜெர்மனியோடு உடன்பாடு இல்லை. ஆகவே இத்தாலியப் பட்டத்தார் பதிவு பெறலாம். பெர்லின் பட்டத்தார் பெற இயலாது. கல்வியின் தரமே அளவுகோல் என்றால் இதற்கு விளக்கம் இல்லை. அரசுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலே அளவுகோல் எனக் கொண்டால் யாவும் விளங்கும்.

இந்தியப் பட்டங்கள் பெற்ற ஏற்பும் நிலைக்கவில்லை. மகப்பேற்று மருத்துவப் பயிற்சி போதாது என்ற குறை எழுப்பப்பட்டது. இந்தியக் கல்லூரிகளை யார் ஆய்ந்து மதிப்பிடுவது என்பதில் இலண்டன் பேரவைக்கும் இந்தியத் தரப்புக்கும் பிணக்கு முற்றி, 1930இல் பேரவை ஏற்பை விலக்கிக்கொண்டது. குறை முற்றிலும் பொய்யன்று. பேறுகாலப் பயிற்சிக்குப் போதிய வாய்ப்பு மாணவர்க்குக் கிட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் அது தன்னாட்சிக் கிளர்ச்சி உச்சநிலை அடைந்த ஆண்டு என்பதையும் மறத்தல் இயலாது. விளைவாக 1933இல் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் இயற்றப்பெற்றது. நாடு தன் தரத்தைத் தானே அளக்கும் அமைப்பைப் பெற்றது. 1936இல் ஏற்பும் மீண்டது.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல் மருத்துவப் பள்ளிகளில் பயின்று உரிமம் பெற்றோர் அன்று இந்திய மருத்துவருள் பெரும்பான்மையினர். 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த இராயபுரம் மருத்துவப் பள்ளியில் பயின்றோரும் அத்தகையோரே. சிற்றூர்களில் தொண்டாற்றிய இவர்கள் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்குள் சேர்க்கப்பெறவில்லை. அயலார் கதவைத் திறக்கும் பொருட்டு, சொந்த வீட்டிலேயே ஒரு கதவு சாத்தப்பட்டது.

ஏதிலியராய் வந்தோர்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூத மருத்துவர் பலர் பிரிட்டனை நாடி வந்தனர். உடன்பாடில்லா நாட்டின் பட்டங்கள் ஆதலின், அவர்கள் ஸ்காட்லாந்துக் கல்லூரிகள் போன்றவற்றில் மீண்டும் பயின்று தேர்வெழுத நேர்ந்தது. பேராசிரியராய் இருந்தவர் மாணவர் வரிசையில் அமர்ந்தார். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபோது, அந்நாட்டு மருத்துவருள் 50 பேரையே ஏற்பது என வரம்பு கட்டப்பட்டது. உள்நாட்டு மருத்துவர் பிழைப்புக்கு ஊறு நேரும் என்ற அச்சமே காரணம்.

பின்னர்ப் போர் மூண்டது. பிரிட்டிஷ் மருத்துவர் படைப்பணிக்குச் சென்றதும் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1941இல் ஏதிலிய மருத்துவர்க்குத் தற்காலிகப் பதிவு வழங்கும் ஆணை பிறந்தது. 1938இல் போதாதெனக் கருதப்பட்ட அதே பட்டங்கள் மூன்றாண்டுகளில் போதுமானவை ஆயின. பட்டங்கள் மாறவில்லை; தேவை மாறியது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் நிலையான பதிவு பெற வழிசெய்தது.

அவ்வாறு வந்தோருள் ஒருவர் லுட்விக் குட்மன். பிரெஸ்லாவ் நகரில் நரம்பியல் வல்லுநராக விளங்கிய அவர், 1939இல் ஆக்ஸ்போர்டு வந்தடைந்தார். தொடக்கத்தில் அவருக்கு வாய்த்தது ஆராய்ச்சிப் பணியே. 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்கான பிரிவை அவர் தொடங்கினார். பிழையார் எனக் கைவிடப்பட்ட நோயாளரை எழுந்தமரச் செய்தார். 1948இல் அங்கு அவர் நடத்திய விளையாட்டுப் போட்டியே பாராலிம்பிக் போட்டிகளின் வித்தாயிற்று. ஒரு பட்டம் மறுக்கப்படும்போது அதை உடையவர் மட்டுமே இழப்பதில்லை என்பதற்கு அவர் வரலாறு சான்று.

1975: ஒரே ஆண்டு, இரு முடிவுகள்

1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கிற்று. 1957இல் வில்லிங்க் குழு மருத்துவ மாணவர் தொகையைக் குறைக்குமாறு பரிந்துரைத்தது. கணிப்பு பிழைத்தது. உள்நாட்டு மருத்துவரும் கனடா, ஆஸ்திரேலியா எனப் பெயர்ந்தனர். வெற்றிடத்தை நிரப்பியோர் இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவர். முதியோர் மருத்துவம், மனநோய் மருத்துவம் முதலிய, உள்நாட்டார் விரும்பாத துறைகளே அவர்களுள் பலர்க்குக் கிடைத்தன. வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் குடும்ப மருத்துவராய் நிலைத்தோர் பலர்.

1975இல் பொது மருத்துவப் பேரவை இந்தியப் பட்டங்களின் ஏற்பை மீண்டும் விலக்கிக்கொண்டது. கல்லூரிகள் பெருகித் தரம் சீரற்றுப்போனமை காரணமாகக் காட்டப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த மெரிசன் குழு அறிக்கையும் அயல்நாட்டு மருத்துவரின் திறமையையும் மொழியறிவையும் ஐயுற்றது. அவர்களுக்கென மருத்துவ அறிவும் ஆங்கிலமும் சோதிக்கும் தேர்வு புகுத்தப்பட்டது. அதுவே பின்னாளில் ‘பிளாப்’ தேர்வாயிற்று.

அதே 1975இல்தான் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் உறுப்பு நாடுகளின் மருத்துவப் பட்டங்களை ஒன்றையொன்று தாமாகவே ஏற்க வேண்டும் எனக் கட்டளை வகுத்தது. பிரிட்டன் 1973 முதல் அதன் உறுப்பு நாடு. இதனால் ஆங்கிலவழி பயின்ற சென்னை மருத்துவர் மொழித்தேர்வு எழுத நேர்ந்தது. ஐரோப்பிய மருத்துவர்க்கு அத்தேவை எழவில்லை. ஐரோப்பிய மருத்துவரின் மொழியறிவைச் சோதிக்கும் அதிகாரம் 2014இல்தான் பேரவைக்குக் கிட்டியது.

அளவுகோல் யார் கையில்?

நோயாளியின் உயிர் மருத்துவர் கையில் உள்ளது. ஆகவே தகுதியைச் சோதித்தல் குற்றமன்று. சோதியாது விடுதலே குற்றம். வரலாறு எழுப்பும் வினா வேறு. அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றா என்பதே அது.

இவ்வகையில் அண்மைக்கால மாற்றங்கள் சில கருதத்தக்கன. 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை உயர்கல்வித் தகுதிகளை ஏற்பதில் சுமையை இடம் மாற்றிற்று. அயல்நாட்டுத் தகுதி தாழ்ந்ததன்று என வந்தவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டெனில் அதை ஏற்க மறுக்கும் நிறுவனமே காட்டவேண்டும். சான்றிதழ்களை இழந்து வந்த ஏதிலியர்க்கும் அவ்வுடன்படிக்கை வழிகாண்கிறது. 2019இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உலக உடன்படிக்கை இந்நெறியை மேலும் விரித்து, 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்திலும், 2024–25 கல்வியாண்டு முதல் பிரிட்டிஷ் மாணவர்க்கும் பொதுவான உரிம மதிப்பீடு கட்டாயமாயிற்று. அயல்நாட்டார் எழுதும் பிளாப் தேர்வும் அதே தரத்தோடு பொருத்தப்பட்டது. பட்டம் எங்கே பிறந்தது என்னும் கேள்வியிலிருந்து, பட்டத்தார் என்ன அறிவார் என்னும் கேள்விக்குப் பதிவேடு நகர்ந்துவர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மேரி ஷார்லீப் அம்மையார் இலண்டனில் மீண்டும் பயின்ற நான்காண்டுகளில் சென்னையில் அவருக்காகக் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் குறித்துவைக்கவில்லை.